இன்ஷா அல்லாஹ் என்று நான் கொடுத்த முட்டு

அன்புச் சகோதர சகோதரிகளே, தன் கையால் கட்டிய கட்டடத்துக்குக் கீழே நிற்கத் தானே பயப்படுகிற ஒருவனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? போன மழைக்காலம் முழுக்க நான் அப்படித்தான் இருந்தேன். சோறு இறங்கவில்லை. யாராவது போன் அடித்தால் நெஞ்சு திக்கென்றது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் போட்ட ஒரு பால்கனி யார் தலையிலாவது விழப் போகிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அது எனக்கு மட்டுமே தெரியும்.

என் பெயர் காதர். இராஜபாளையத்தில் இருந்துகொண்டு வீடு கட்டிக் கொடுக்கும் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறேன். பாயிடம் வேலையைக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு தூங்கலாம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது. அந்தக் கனத்தை அல்லாஹ் எப்படி இறக்கினான் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அந்த ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்காரர் குருசாமி அண்ணன். நூற்பு மில்லில் பிட்டர். அவர் மனைவி பாக்கியம் அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை. மாடியில் முன்பக்கம் ஒரு பால்கனி வேண்டும், அதில் நின்றால் மேற்கே மலை தெரிய வேண்டும். நாலடி நீட்டிக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தேன்.

காங்கிரீட் போட்டது ஒரு வெள்ளிக்கிழமை. பால்கனி என்பது சுவரில் இருந்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்பது. அதைப் பிடித்து நிறுத்தும் கம்பி மேல்பக்கமாக இருக்க வேண்டும். அது கீழே போய்விட்டால் கம்பி இருந்தும் இல்லாத மாதிரிதான். கம்பி மிதிபட்டு இறங்காமல் இருக்க அடியில் வளைத்த சிறு கம்பிகளை நிறுத்துவோம். அன்றைக்கு அவை போதவில்லை. பார்த்தேன். ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது, வந்து வைத்துக்கொள்ளலாம் என்று பள்ளிவாசலுக்குக் கிளம்பிப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது ஆட்கள் பால்கனி வரைக்கும் வந்துவிட்டார்கள். காங்கிரீட் சட்டியோடு நடந்த கால்கள் கம்பியை மிதித்து, அடியில் விரித்த தகரத்தோடு ஒட்ட வைத்திருந்தன. முக்கால்வாசி மூடியாகிவிட்டது. கொத்தனார் மாரியப்பன் என் முகத்தைப் பார்த்தார்.

"பாய், கம்பி தரையோட கெடக்கு."

அள்ளிப் போட்டுவிட்டு மறுபடி செய்திருக்கலாம். ஆனால் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கீழே வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பாய் வேலையில் தப்பு என்று அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது?

"மூடுங்க," என்றேன். அந்த ஒரு வார்த்தைதான். தொழுது முடித்த ஈரம் கூட அப்போது என் மனதில் காயவில்லை.

அடுத்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. பால்கனியைத் தாங்கி நின்ற ஆறு சவுக்குக் கம்புகளின் அடியில் மண் இளகி, கம்புகள் ஒரு நூல், அரைக்கால் அங்குலம், இறங்கின. மேலே ஏறிப் பார்த்தேன். சுவரும் பால்கனியும் சேரும் இடத்தில், இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை, மயிரிழை மாதிரி ஒரு கோடு. காங்கிரீட் இறுகுவதற்காக அதன் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவோம் அல்லவா? மற்ற இடத்தில் நின்ற தண்ணீர் அங்கே மட்டும் நிற்கவில்லை. காலையில் கட்டினால் மதியத்துக்குள் வற்றிப் போனது. அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும்.

குருசாமி அண்ணனும் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டார். என்ன பாய் இது என்று கேட்டார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

"அது மேலாப்புல வாரதுண்ணே. இன்ஷா அல்லாஹ், ஒண்ணும் ஆகாது."

அல்லாஹ் நாடினால் என்று சொல்ல வேண்டிய இடமா அது? நான் விட்ட தப்புக்கு அவனுடைய பெயரைக் கொண்டுபோய் முட்டுக் கொடுத்தேன். பொய்க்கு முட்டுக் கொடுக்காதே என்று பிறரிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். சவுக்குக் கம்பு ஆறுதான். ஏழாவது முட்டு அந்த வார்த்தை.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. முட்டுகளை எப்போது எடுக்கலாம் என்று அவர் கேட்பார். இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் என்பேன். ஒரு வாரம் மழை என்றேன், ஒரு வாரம் முட்டு எடுக்கிற சென்ட்ரிங்காரர் வரவில்லை என்றேன். மாரியப்பன் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். அடுத்த வேலைக்குக் கூப்பிட்டபோது வேறு இடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

ஐந்து நேரத் தொழுகையிலும் ஒரே துஆதான். யா அல்லாஹ், அந்தப் பால்கனி நிற்க வேண்டும். நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தாவில் போனால் எழ மனம் வராது. என் மனைவி மைமூன் அதைப் பார்த்துவிட்டு, ஹஜ்ஜுக்குப் போகாமலே ஹாஜியார் ஆகிவிட்டீர்களே என்று கேலி செய்தாள். அவளுக்கு உள்ளுக்குள் பெருமை. அவளிடம்கூட நான் சொல்லவில்லை. பால்கனி நிற்க வேண்டும் என்று கேட்டேனே தவிர, உண்மையைச் சொல்ல எனக்கு வாயைக் கொடு என்று ஒரு நாளும் கேட்கவில்லை. மழையும் தடங்கலும் வர வர, அல்லாஹ் என்னை மறைத்துக்கொண்டிருக்கிறான் என்றே நினைத்துக்கொண்டேன். அவன் எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது அவகாசம். அது எனக்கு உறைக்கவில்லை.

தை பிறந்ததும் பால் காய்ப்புக்கு நாள் குறித்துவிட்டார்கள். முன்பக்கம் பந்தல், பால்கனிக்குக் கீழே சொந்தபந்தம் உட்கார நாற்காலி. பாக்கியம் அக்கா இடத்தைக் காட்டிக் காட்டிச் சொன்னார். என் கண்ணுக்கு நாற்காலி தெரியவில்லை. அதில் உட்காரப் போகிறவர்களின் உச்சந்தலைகள் தெரிந்தன. அன்றும் சொல்ல வாயெடுத்துவிட்டு, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு வந்தேன்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை. இராஜபாளையத்தில் ஜும்ஆ முடித்து வெளியே வந்து போனை எடுத்தால், குருசாமி அண்ணனிடமிருந்து நாலு தவறிய அழைப்பு. கூடவே அவர் குரலில் ஒரு பதிவு.

"பாய், பந்தக்காரன் வந்து நிக்கான். நீங்க தொழுகையில இருப்பீக. நாங்களே முட்ட எடுத்துருதோம். நீங்கதான் இன்ஷா அல்லா சொல்லிட்டீகள்ல, பொறவு என்ன பயம்."

திருப்பி அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. வண்டியைக் கிளப்பினேன். அந்த வழி எனக்கு நினைவில்லை. பஸ்ஸும் லாரியும் குறுக்கே வந்திருக்கும். யா அல்லாஹ், என்னை எடுத்துக்கொள், அவரை விட்டுவிடு என்று வாய்விட்டுக் கத்திக்கொண்டே போனேன். பால்கனியைப் பற்றி நான் கேட்கவே இல்லை. இத்தனை நாளில் அதுதான் முதல் தடவை.

தெரு முனையில் திரும்பும்போதே சுத்தியல் சத்தம் கேட்டது. ஆறு முட்டில் நாலு தரையில் கிடந்தன. ஐந்தாவதின் அடியில், பால்கனிக்கு நேர் கீழே, குருசாமி அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முட்டை இறுக்கச் செருகியிருந்த மர ஆப்பை அடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வெளிய வாங்க."

"செத்த நேரம் பாய். இந்த ஆப்பு மட்டும் எம்புட்டு அடிச்சாலும் அசைய மாட்டேங்குது."

காங்கிரீட் தன் பலத்தில் நின்றால் ஆப்பு தானாகவே தளர்ந்துவிடும். அந்த ஆப்பு இறுகிக் கிடந்தது என்றால் மொத்தப் பாரமும் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. நான் உள்ளே போய் அவர் கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தேன். வெயிலில் நின்றோம்.

"அண்ணே, அந்த ஆப்புதான் ஒங்கள இம்புட்டு நேரம் காப்பாத்துச்சு. கம்பி கீழ போயிருச்சு. எனக்கு அன்னைக்கே தெரியும். ஒங்ககிட்ட பொய் சொன்னேன்."

அவர் கத்தவில்லை. கையில் இருந்த சுத்தியலைப் பார்த்தார்.

"அந்த வார்த்தைய நம்பித்தான பாய் நான் இதுக்குக் கீழ போனேன்."

அவர் என்னை அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

தெருவில் ஆட்களை நிறுத்திவிட்டு, மிச்சம் இருந்த இரண்டு கம்புகளிலும் கயிறு கட்டித் தூரத்தில் இருந்து இழுத்தோம். பால்கனி பொத்தென்று விழவில்லை. ஒரு முனகல் கேட்டது. பிறகு சுவரோரம் ஒடிந்து, கதவு சாத்துகிற மாதிரி கீழே மடங்கிச் சுவரில் வந்து அறைந்தது. ஒடிந்த காங்கிரீட் கட்டிகள் கொட்டி, அவர் குத்துக்காலிட்டு இருந்த இடம் தெரியவில்லை. பாக்கியம் அக்கா முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நான் மண்ணிலேயே ஸஜ்தாவில் விழுந்தேன்.

நிற்க வேண்டும் என்று கேட்டேன். ஒரு மனிதர் வெளியே வரும் வரைக்கும் ஒரு மர ஆப்பைக் கொண்டு அல்லாஹ் அதை நிறுத்தி வைத்தான். என் துஆவுக்குக் கிடைத்த பதில் அதுதான்.

பால் காய்ப்பு தள்ளிப் போனது. என் செலவில் திரும்பக் கட்டினேன். செய்தி ஊரெல்லாம் பரவி, கையில் இருந்த வேலைகள் நழுவின. இதற்கு முன்னால் கட்டிய வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தேன். இன்றும் பால்கனி உள்ள தெருவில் நடந்தால் ஓரமாக நடக்க முடியவில்லை. இப்போது வெள்ளிக்கிழமை காங்கிரீட் போடுவதில்லை. மாரியப்பனிடம் நானே போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் திரும்ப வந்துவிட்டார்.

சகோதரர்களே, நீங்கள் என்ன தொழில் செய்தாலும், உங்களுக்கு மட்டும் தெரிந்து மூடிய இடம் ஒன்று இருக்கலாம். முட்டு இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். சொன்னால் மானம் போய்விடும் என்று பயப்படாதீர்கள். துஆவைக் கேட்கிறவன் இருக்கிறான், சொல்ல வாயைக் கொடு என்று அவனிடம் கேளுங்கள்.

புதுப் பால்கனிக்கு முட்டு எடுக்கும் நாளைக் கேட்டார் குருசாமி அண்ணன். வருகிற புதன் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

"அந்த வார்த்தையக் காணோமே பாய்."

"சொல்ல வாய் கூசுதுண்ணே."

"சொல்லுங்க. இப்பச் சொன்னா நம்புதேன்."

சொன்னேன். புதன்கிழமை எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, நான் ஒருவனே கீழே போய் உட்கார்ந்தேன். பிஸ்மில்லாஹ் சொல்லி முதல் ஆப்பைத் தட்டினேன். அது ஏற்கெனவே தளர்ந்திருந்தது. ஒரே தட்டில் என் கையில் விழுந்தது. அல்ஹம்துலில்லாஹ்.