மோட்டார் நின்றால் கேட்கும்

போன வாரம் செல்போன் ரிப்பேர் கடையில் நின்றிருந்தேன். கடைக்காரப் பையன் சூட்டுக்கோலை ஈயத்தில் வைத்தான். ஈயத்தோடு கலந்த குங்கிலியம் புகைந்து மூக்கில் ஏறியது. அவ்வளவுதான். "மேடம், டிஸ்ப்ளே மாத்தணும்" என்று அவன் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருக்கிறான், நான் உத்திரமேரூர்ப் பக்கம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். வயசானதில் இது ஒரு வசதி, பஸ் டிக்கெட் வேண்டாம்.

எங்கள் சயின்ஸ் வாத்தியார் சம்பந்தம் சார் மேல் எப்போதும் அந்த வாசனைதான். மற்ற வாத்தியார்கள் மேல் மூக்குப்பொடி, இவர் மேல் ஈயப்புகை. ராணுவத்தில் கழித்துப்போட்ட ரேடியோ ஒன்றை மூர் மார்க்கெட்டில் வாங்கி, பஸ் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்து, பள்ளிக்கூட ஓட்டின் மேல் நீளமாகக் கம்பி கட்டினார். ரஷ்யாக்காரன் ஆகாசத்தில் செயற்கைக்கோள் விட்டுக்கொண்டிருந்த காலம் அது. அது நம் தலைக்கு மேலே போகும்போது ரேடியோவில் பீப் பீப் என்று வரும். கிட்டே வரும்போது ஒரு சுருதி, தாண்டியதும் சுருதி இறங்கிவிடும், நம்மைக் கடந்து போகிற செங்கல்பட்டு பஸ்ஸின் ஹாரன் மாதிரி. இறங்குகிற நேரத்தை வைத்துத்தான் அடுத்து எப்போது வரும் என்று சார் கணக்குப் போடுவார். அந்த நேரத்தைக் கேட்டுச் சொல்வது என் வேலை.

"உன் காதுதாம்மா நம்ம மீட்டரு" என்பார். சேரியிலிருந்து வந்த பெண்ணுக்குத் தன் ஹெட்போனைத் தன் கையாலேயே மாட்டிவிட்ட மனுஷன். பரீட்சையில் நான் சுத்த மக்கு, அந்தக் கதை வேண்டாம்.

அந்த வருஷம் ஏரி நிரம்பவில்லை. கம்பிதான் மழையை விரட்டுகிறது என்று ஊரில் ஒரே பேச்சு. பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவர் வந்தார். "நாளைக்கி எல்லாருக்கும் கேக்க வை. கேக்கலன்னா கம்பிய அவுத்துடணும்" என்றார். இதில் கூத்து என்னவென்றால், கேட்கவிடாமல் செய்ததே அவருடைய பம்ப்செட்தான். பள்ளிக்கூடச் சுவருக்குப் பின்னாலேயே கொட்டகை. அது ஓடினால் ரேடியோவில் கர்ரென்ற இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்காது. மறுநாள் பீப் வரும் நேரமும் மோட்டார் ஓடும் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டது. கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லி சார் கெஞ்சினார்.

"கரண்ட் வர்றதே கொஞ்ச நேரம். உன் பீப்புக்காக என் நாத்து காயணுமா?" போச்சுடா என்றிருந்தது எனக்கு.

அந்த மோட்டாரை ஓட்டினது எங்க நைனா, என் அப்பா. தலைவர் பண்ணையில் கூலிவேலை, தலைவரை 'ஆண்டே' என்றுதான் கூப்பிடுவார். சாயந்திரம் அவரிடம் பீப் வரும் நேரத்தைச் சொல்லி அழுதேன்.

"ஆண்டே சொல்லாம மோட்டார்ல கை வெச்சா, அப்பால நம்ம பொயப்பு இன்னா ஆவறது?" என்றார். நியாயம்தான்.

மறுநாள் தலைவர் நாற்காலியில், கமிட்டிக்காரர்கள் பெஞ்சில், ஊர் மொத்தமும் ஜன்னலில். ஸ்பீக்கரில் கர்ர்ர். சார் சட்டை முழுக்க வேர்வை. வரவேண்டிய நேரம் நெருங்கிவிட்டது. சட்டென்று இரைச்சல் நின்றது. ஐயோ, நைனா கை வைத்துவிட்டார்!

"எவன்டா மோட்டார நிறுத்தனது?" என்று தலைவர் எழுந்தார்.

அப்போது வந்தது. பீப். பீப். எழுந்தவர் அப்படியே நின்றார். சுருதி இறங்கியதும் "சார்!" என்று நான் போட்ட சத்தம் சாலவாக்கம் வரைக்கும் கேட்டிருக்கும். பீப் தேய்ந்து அடங்கியபிறகு தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"போயி உங்கப்பன மோட்டாரப் போடச் சொல்லு. இனிமே இது வர்றப்பல்லாம் நிறுத்திக்கச் சொல்லு."

ஓடினேன் பாருங்கள், பாவாடை தடுக்கி விழுந்து எழுந்து ஓடினேன். அன்றிலிருந்து நேரத்தை நைனாவிடம் போய்ச் சொல்வதும் என் வேலையாயிற்று. ஒரு தடவைகூட அவர் தவறவிட்டதில்லை.

பிறகு சாருக்கு மாற்றல் வந்தது. ரேடியோவும் அவரோடு போயிற்று. இப்போது அந்த ஓட்டுக் கட்டடம் இல்லை, மோட்டார் கொட்டகை இல்லை, சாரும் நைனாவும் இல்லை. அன்று சார் மாற்றலாகிப் போன மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு மோட்டார் கொட்டகைப் பக்கமாக வந்தேன்.

"இன்னிக்கி எப்போ நிறுத்தணும்?" என்றார் நைனா.

"சார்தான் பூட்டாரே நைனா."

"வாத்தியாருதானே பூட்டாரு" என்றார். "அது மேல போய்க்கினுதானே கீது?"