மூன்று நாளில் ஒரு சுற்று

என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு இந்தக் கை பிடித்ததெல்லாம் உலக்கையும் கூடையும்தான். பேனாவைப் பிடித்தால் அது ஒரு பக்கம் போகிறது, நான் ஒரு பக்கம் போகிறேன். சின்ன ர வர வேண்டிய இடத்தில் பெரிய ற வந்திருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொண்டு, திருத்திப் படித்துக்கொள்ள வேண்டும்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் நாங்கள் மூன்று பேர் சிநேகிதர்கள். ஒருவர் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தார். தோலில் உள்ள மயிர் கழல வேண்டுமென்று சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். குழியில் இறங்கி அதைப் புரட்டுவது அவர் வேலை. என்னைவிட மூத்தவர், அதனால் எனக்கு அண்ணன். இன்னொருவர் தோல் காயப்போடுகிறவர். அவரை டேனரியே பாய் என்றுதான் கூப்பிடும். நான் தோலைப் பதப்படுத்த ஆவாரம்பட்டை இடித்துக்கொண்டிருந்தேன். பாய் பேசுவார், அண்ணன் சிரிப்பார், நான் கூட இருப்பேன். எங்கள் சிநேகிதம் அப்படித்தான்.

அண்ணனுடைய மகளுக்கு இரண்டு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கியபோது குழந்தைக்குக் கால் நிற்கவில்லை. வேலூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். அந்தச் சமயத்தில் அண்ணன், இவள் நடந்தால் செருப்பில்லாமல் திருவண்ணாமலை மலையைச் சுற்றி வருகிறேன் என்று வேண்டிக்கொண்டார். குழந்தை ஒரு வருஷத்தில் எழுந்து நின்றுவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவாள். ஆனால் சுவரை விட மாட்டாள். விட்டால் உட்கார்ந்துவிடுவாள். டாக்டர், விட வேண்டிய நாள் வந்தால் விடுவாள் என்றாராம். அண்ணனுக்கு மனசு ஒப்பவில்லை. தான் இன்னும் நடக்காததால்தான் அவள் நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு ராத்திரி தூக்கமில்லாமல் கிடந்தார்.

தள்ளிப்போட்டதற்குக் காரணம் அவருடைய கால்தான். வருஷக் கணக்காகச் சுண்ணாம்பு அரித்து உள்ளங்காலில் சின்னச் சின்னப் பள்ளங்கள் விழுந்திருந்தன. ஈரத்தில் தெரியாது, காய்ந்த மண்ணில் வைத்தால் வெடிக்கும்.

டேனரிக் கிணற்றைத் தூர் வார ஐந்து நாள் வேலையை நிறுத்தினார்கள். அண்ணன் கிளம்பினார். நான் கூட வருகிறேன் என்றேன். பாயும் கிளம்பிவிட்டார். "எனக்கு வேண்டுதல் இல்ல தோஸ்த், காலு இருக்குது. ஊரு பாத்துட்டு வர்றேன்" என்றார். முதுகில் மாட்டிக்கொள்கிற மாதிரி மூன்று கித்தான் பைகளை அவர்தான் தைத்தார். தோல் வார் போடலாம் என்று பார்த்தார். சாமிக்கு நடக்கப் போகிற இடத்தில் தோல் வேண்டாம் என்று அண்ணன் சணல் கயிறு கட்டிக்கொண்டார். பையில் அரிசி, ஒரு அலுமினியக் குண்டான், துண்டு, மாற்று லுங்கி.

ஜோலார்பேட்டை வரைக்கும் ரயில், திருப்பத்தூரில் பாயின் மாமா வீட்டில் படுக்கை, விடிந்ததும் செங்கம் வழியாக பஸ். எங்கள் மேல் அடிக்கும் டேனரி வாடையில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து முன்னால் போய்விட்டார். "நம்ம கூட வந்தா உக்கார எடம் கேரண்டி" என்று பாய் காலை நீட்டிக்கொண்டார்.

ஊருக்கு முன்னாலேயே மலை பக்கத்தில் வந்துவிட்டது. சுற்றுப் பாதை அங்கே பஸ் ரோட்டோடு சேருகிறது என்று கண்டக்டர் சொன்னார். உடனே பாய் மணியை அடிக்கச் சொல்லி எங்களை இறக்கிவிட்டார். ஊருக்குள் போய்த் திரும்பி வருவானேன், இங்கேயே ஆரம்பித்து இங்கேயே முடிக்கலாம் என்பது அவர் யோசனை. அண்ணன் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மலையைப் பார்த்துக் கும்பிட்டார். பஸ் போன பக்கமே நடந்தோம்.

அந்த மாதிரி ஒரு ஊரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. டேனரியில் சங்கு ஊதினால் உள்ளே, சங்கு ஊதினால் வெளியே. தோல் குழியில் ஒரு வேளை அதிகம் கிடந்தால் கெட்டுப்போகும் என்று மேஸ்திரி கத்திக்கொண்டே இருப்பார். இங்கே யாருக்கும் எதுவும் கெட்டுப்போகவில்லை. ஒரு சாமியார் தன் ஒரே வேட்டியைக் குளத்தில் அலசி, பாதியை இடுப்பில் கட்டிக்கொண்டு மீதிப் பாதியை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு நின்றார். ரோட்டின் நடுவில் ஒரு மாடு படுத்திருந்தது. வண்டிக்காரர் அது எழுந்திருக்கட்டும் என்று பீடி பற்றவைத்தார். ஒரு வெள்ளைக்காரர் வேட்டி கட்டிக்கொண்டு பசுவுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். டீக்கடைக்காரர் பெஞ்சில் தூங்கினார். வந்தவர்களே டீ போட்டுக் குடித்துவிட்டுப் போனார்கள்.

கோயில் கோபுரத்தைத் தாண்டினோம். சுற்றி முடித்துவிட்டுத்தான் உள்ளே என்று அண்ணன் நிற்காமல் போனார். ஊரைத் தாண்டிய பிறகு எதிரில் ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் எங்களைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டுப் போனார்கள். பரவாயில்லையே, மரியாதை தெரிந்த ஊர் என்று நாங்களும் தலையை அசைத்தோம். அண்ணன் மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை. கல் இல்லாத இடமாகப் பார்த்துக் கால் வைத்துக்கொண்டிருந்தார்.

மலைக்குப் பின்பக்கம் ஆதி அண்ணாமலையில் ஒரு வேப்ப மரத்தடியில் ஒரு அம்மா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். மலை சுற்றுகிறோம், இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்றார் பாய்.

"சுத்தறது சரி. சாமிய இடது கைப் பக்கம் வெச்சிக்கினு இன்னாத்துக்கு எதிர்ப்பக்கமா சுத்தறீங்க?"

கோயிலுக்குள் போனால் எந்தப் பக்கம் சுற்றுவது என்று எங்களுக்குத் தெரியாதா? ஆனால் அவ்வளவு பெரிய மலை பக்கத்தில் படுத்திருக்கும்போது, அதுவும் ஒரு சன்னதிதான் என்று தோன்றாமல் போய்விட்டது. அண்ணன் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். அப்போதுதான் அவர் காலைப் பார்த்தேன். பள்ளங்கள் வெடித்து ரத்தமும் மண்ணும் ஒன்றாக ஒட்டியிருந்தது.

காலையிலிருந்து எத்தனையோ பேர் எதிரில் வந்தார்களே, ஒருத்தரும் சொல்லவில்லையே என்று பாய் ஆற்றாமையோடு கேட்டார். அந்த அம்மா, அது உங்கள் இஷ்டம் என்று விட்டிருப்பார்கள், இங்கே யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள் என்றார். அண்ணன் காலில் ரத்தத்தைப் பார்க்காவிட்டால் தானும் கேட்டிருக்க மாட்டாராம்.

"தப்பு என்னுது" என்றார் பாய். "முதுவுல ஏறு தோஸ்த். சரியான பக்கமா நான் தூக்கினு போறேன்."

"நீ தூக்கினா நடந்தது நீயா நானா?"

"நான்தான். அப்ப உன் பொண்ணுக்குப் பதிலா என் பொண்ணு ஓடுவா. இப்பவே அவள புடிக்க முடியல."

அண்ணன் சிரிக்கவில்லை. எழுந்தார். இங்கிருந்தே திரும்பி, இருட்டுவதற்குள் ஒரு சுற்று முடித்துவிட வேண்டும் என்று ரெண்டடி வைத்தார். முகம் கோணிப்போனது. அந்த அம்மா கோலால் மறித்தார்.

"இன்னிக்கே முடிக்கிறேன்னு வேண்டிக்கினியாப்பா?"

அண்ணன் யோசித்துப் பார்த்தார். "இல்லம்மா. நடக்கறேன்னுதான் வேண்டிக்கினேன்."

"அப்ப நட. வலிச்சா உக்காரு. தூக்கம் வந்தா தூங்கு. மலை எங்க போவுது?"

இதைக் கேட்டு அண்ணன் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார். பிறகு பையை இறக்கி வைத்துவிட்டு மரத்தில் சாய்ந்துகொண்டார். அவ்வளவு வருஷப் பழக்கத்தில், பகல் வேளையில் அவர் சும்மா உட்கார்ந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த அம்மா விளக்கெண்ணெய் கொண்டுவந்து தடவினார். பாய் தன் மாற்று லுங்கியைக் கிழித்துக் கட்டினார். குடியாத்தம் லுங்கி, புதுசு. துணி கட்டினால் செருப்புக் கணக்கில் சேருமா என்று அண்ணன் கேட்டதற்கு, மனுஷன் கட்டுகிற துணியில் சாமிக்கு என்ன கோபம் என்றார் அந்த அம்மா.

அந்த மரத்திலிருந்து ஆரம்பித்து, மலையை வலது கைப் பக்கம் வைத்து, வந்த வழியே திரும்பினோம். கால் மணி நடப்போம், அரை மணி உட்காருவோம். வழியெல்லாம் மண்டபம், மண்டபமெல்லாம் யாராவது சாமியார். பஸ்ஸில் எழுந்து போனார்களே, இங்கே எங்களைப் பார்த்ததும் தள்ளிப் படுத்து இடம் கொடுத்தார்கள். எந்த ஊர் என்றார்கள், ஆம்பூர் என்றோம், சரி என்றார்கள். அவ்வளவுதான் கேள்வி.

சுற்று முடியட்டும் என்று அண்ணன் இப்போது சொல்லவில்லை; மறுநாள் வழியிலேயே கோயிலுக்கும் போய்விட்டு வந்தோம். பாய் பைகளை வைத்துக்கொண்டு வாசலில் ஒரு பூக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்; நாங்கள் திரும்பி வருவதற்குள் பாதிப் பூவை விற்றுக் கொடுத்திருந்தார். மத்தியானம் அவர் விறகு பொறுக்கப் போனபோது அண்ணனுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. எனக்கு ஒரு வீட்டு வாசலில் நின்று கேட்க வாய் வராது. குண்டானைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்கு எதிரில் சும்மா நின்றேன். உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து, ஒன்றும் கேட்காமல் மோர் ஊற்றிவிட்டுப் போனாள். கேட்கத் தெரியாதவனுக்கு அது நல்ல ஊர்.

மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்கு முன் வேப்ப மரம் தெரிந்தது. அந்த அம்மாவைக் காணோம், ஆடுகள் மட்டும் இருந்தன. அண்ணன் நின்று, "இந்த மரந்தானே?" என்று கேட்டார். வம்பு வேண்டாம், இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் போய்விட்டு வா என்றார் பாய். அண்ணன் மரத்தைத் தாண்டிப் போய் நின்று மலையைக் கும்பிட்டார். எதிரில் வந்த ஒருவர் எங்களைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டுப் போனார்.

ஊர் வந்து சேர்ந்ததும் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனோம். குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, அப்பா காலில் இருந்த லுங்கித் துணியைப் பார்த்தாள். அண்ணி ஆசையாகக் கையைத் தட்டி, அப்பாகிட்ட வா, வா என்று கூப்பிட்டார்.

"கூப்டாத. வர்றப்ப வரட்டும்" என்றார் அண்ணன்.

அன்றைக்கு அவள் வரவில்லை. பொங்கலுக்கு முன் ஒரு நாள் சுவரை விட்டு அடுப்படிக்கு நடந்து போனாளாம். அண்ணன் அப்போது குழிக்குள் இருந்தார். போய்ச் சொன்னேன். அப்படியா என்று தோலைப் புரட்டிக்கொண்டே இருந்தார். கண் மட்டும் சிவந்துபோனது. சுண்ணாம்பு என்றார். குழந்தை நடந்த சமாசாரம் தெரிந்த பிறகும் டேனரியில் எங்களை விடவில்லை. ஊரே அரை நாளில் சுற்றுகிற மலையை மூன்று நாள் சுற்றினவர்கள் என்று வெகுநாள் கேலி செய்தார்கள். பாய்தான் முதலில் ஆரம்பிப்பார்.

போன வாரம் அந்தப் பெண் புருஷனோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒரு காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பாள். திருவண்ணாமலைக்குப் போகிறார்களாம். "மலைய எந்தப் பக்கமா சுத்தறதுன்னு கேட்டா, அப்பா சிரிக்கிறாரு சித்தப்பா. உங்களத்தான் கேக்கச் சொன்னாரு" என்றாள்.

மலை வலது கைப் பக்கம் இருக்கணும் என்று சொன்னேன். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதினேன்.

16-2-1969, ஞாயிற்றுக்கிழமை.