கோட்டுக்கு அங்காலே

மடெய்ராவை நான் முதலில் கண்டது ஹைமின் சாப்பாட்டறைச் சுவரில். அகதிகளைத் தங்கவைத்திருந்த கட்டடத்தை நாங்கள் ஹைம் என்றுதான் சொல்வோம். அங்கே வந்து எங்களுக்கு ஜெர்மன் படிப்பித்த வயதான ஆசிரியை, அந்தப் போர்த்துக்கல் தீவில் தான் நடந்து திரிந்த படங்களை வெள்ளைத் துணியில் விழுத்திக் காட்டினார். கடலுக்குள் செங்குத்தாக இறங்கும் மலை. மலையின் விலாவில் ஓடும் வாய்க்கால், அதன் வரம்பில் ஒருவர் பின் ஒருவராக நடக்கும் சனம். பூ முடி வைத்துத் தெருவில் ஆடும் பிள்ளைகள். வரம்பில் நடக்கவா விமானம் ஏறிப் போகிறார்கள் என்று முதலில் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்கும் நடக்க ஆசை வந்துவிட்டது.

அந்த வருடமும் அவருடைய குழு தீவுக்குப் போகவிருந்தது. கால் பழகுவதற்காக ஞாயிறுகளில் பக்கத்துக் காட்டில் நடப்பார்கள்.

“தீவுக்கு உன்னைக் கூட்டிப்போக முடியாது, காட்டுக்காவது வா” என்றார் ஆசிரியை.

காடு ஊர் எல்லையைத் தாண்டிப் போனது. தஞ்சக் கோரிக்கை முடியாதவர்கள் அனுமதியில்லாமல் எல்லை தாண்டக்கூடாது. டுசல்டோர்ஃபில் இருந்த என் தங்கையைப் பார்க்கவும் அனுமதி வேண்டும். பிடிபட்டால் தண்டம், பிறகு கேஸும் கெட்டுப்போகலாம் என்ற பயம்.

ஒழுங்காகத்தான் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய் அனுமதி கேட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், “எங்கே? எதற்கு?” என்றார்.

“நடக்க.”

“நீங்கள் தஞ்சம் கேட்டு வந்தீர்களா, விடுமுறைக்கு வந்தீர்களா?” என்று சிரித்து, மறுத்துவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிர் தப்பி ஓடிவந்தவள் காலம் முழுக்க மூலையில் குந்தியிருந்து அழவேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? ஓடின கால் ஒருநாள் சும்மா நடந்தால் யாருக்கு என்ன குறைந்துபோகும்? எங்கள் ஊரில் வெளிக்கிடுகிறவரை “எங்கே?” என்று கேட்கவே மாட்டோம். கேட்டால் போகிற காரியம் சரிவராது. “தூரமோ?” என்று மட்டும் கேட்போம். இங்கே வாயைத் திறந்தாலே “எங்கே” தான்.

ஞாயிறு காலை புட்டும் சம்பலும் கட்டினேன். என் கணவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

“விசரே உமக்கு? பிடிச்சாங்களெண்டால் எங்கடை கேஸ் என்னாகும்?”

“முழுக நனைஞ்சவளுக்குக் கூதல் என்னப்பா? மறிக்காதேங்கோ.”

நான் சப்பாத்துக் கட்டும்போது முகத்தைப் பார்க்காமல், “தூரமோ?” என்றார். அவ்வளவு கோபத்திலும் “எங்கே” என்று கேட்கவில்லை.

“ஓம், தூரம்தான்.”

காட்டுப் பாதை ஒரு சிறு தார் றோட்டைக் கடக்கிற இடத்தில் ஊர் முடிவைச் சொல்லும் மஞ்சள் பலகை நின்றது. ஆசிரியை நின்றுவிட்டார். “இதுதான் எல்லை. உனக்காக நாங்கள் எல்லோரும் திரும்புகிறோம்” என்றார். வேலியில்லை, ஆமியில்லை, ஒரு பலகை மட்டும். இதற்கா இவ்வளவு நாள் பயந்து செத்தேன் என்று வெட்கமாக இருந்தது.

“வாங்கோ!” என்று தமிழில் சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன்.

அங்காலே, விழுந்து கிடந்த மரத்தில் குந்தியிருந்து பார்சலை அவிழ்த்தேன். சம்பல் உறைப்பில் எல்லோருக்கும் கண்ணால் தண்ணீர் ஓடியது. ஆனாலும் புட்டில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

திரும்பி வந்தபோது கணவர் ஜன்னலடியிலேயே நின்றார். பக்கத்தில் தேத்தண்ணி குடிக்காமல் ஆறிக் கிடந்தது.

“அங்காலை என்ன இருக்கு?”

“மரம்.”

“இஞ்சாலையும் மரம்தானே?”

“ஓம். போய்ப் பார்த்தபடியால்தான் சொல்லுறன்.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கிழமை முழுக்க என்னோடு அளந்துதான் பேசினார்.

அடுத்த ஞாயிறு நான் எழும்பி வர, கதவடியில் குனிந்திருந்து சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் விடுவேனா?

“தூரமோ?” என்றேன்.

“ஓம், தூரம்” என்றார். “புட்டைக் கட்டும்.”