உள்ளே துணி விடாமல் தைத்த பூனாட்

தூரிட்டுக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்: ஒல்லியானவர்கள், ஒல்லியாக முயற்சி செய்யாதவர்கள். தன் மகள் இங்வில்ட் எந்த வகை என்று தினமும் காலைச் சாப்பாட்டு மேசையில் தீர்ப்புச் சொல்லிவிடுவாள். ரொட்டிக்குப் பழுப்புச் சீஸை மகள் ஒருமுறை சீவினால் முறைப்பாள். மறுபடி சீவினால் வாயும் திறக்கும்.

"அது தேவையா கண்ணு? மே மாசம் வருதுல்ல?"

மே மாதம் தேவாலயத்தில் இங்வில்டுக்குத் திடப்படுத்தல், பதின்வயதுப் பிள்ளைகளுக்கு நடக்கும் சடங்கு. அவர்கள் ஊர் இருக்கும் ஹார்டாங்கர் பக்கத்தில் அதற்குப் பெண்ணுக்குப் பூனாட் என்ற பாரம்பரிய உடை தைப்பார்கள்: கறுப்புப் பாவாடை, சிவப்பு மேல்சட்டை. ஆயுசுக்கும் அந்த ஒரே உடைதான். அதனால் உள்ளே தாராளமாகத் துணி மடித்துவிட்டுத் தைப்பது வழக்கம். உடம்பு பெருக்கும்போது பிரித்துக்கொள்ளலாம். தூரிட்டின் அறிவு அதற்கும் மேலே போனது.

"உள்ள துணியே விடாதீங்க," என்றாள் தையல்காரியிடம். "விட்டா அதை ரொப்பத்தான் தோணும். இடுப்பையும் கொஞ்சம் பிடிச்சே தைங்க. அப்பத்தான் இவளுக்கு ரோஷம் வரும்."

ரோஷம் வந்தது. குளிர்காலம் முழுக்க இங்வில்டின் மதிய ரொட்டி கடற்காகங்களுக்குப் போனது. அவை நன்றாகக் கொழுத்தன. இவளுக்கு வகுப்பறையில்கூடக் குளிர் விடவில்லை, சீப்பில் முடி கற்றையாக வந்தது, கைப்பந்துக் குழுவில் பாதி ஆட்டத்திலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்தாள். பசிக்கிறது என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. கொட்டின முடியை யாரும் கவனிக்கவில்லை. இடுப்பை எல்லாரும் கவனித்தார்கள்.

"என்னமா இளைச்சிட்டேடி," என்று திடப்படுத்தல் விருந்தில் உருகினாள் குன்வர் பெரியம்மா, வாய் நிறைய பாதாம் கேக்கோடு. "எனக்கும் அந்த ரகசியத்தைச் சொல்லேன்."

தூரிட் கோப்பையை உயர்த்திப் பேச எழுந்தாள். "இவ காட்டின கட்டுப்பாடு இருக்கே, அதை நெனச்சா எனக்குப் பெருமையா இருக்கு." கூடம் கைதட்டியது.

உயர்ந்த கைக்குக் கீழே இங்வில்டின் கண் போனது. அம்மாவின் பழைய பூனாட்டில், வெளுத்த சிவப்புக்கு நடுவே, வெயில் படாத பளிச்சென்ற சிவப்பு ஒரு பட்டையாகத் தெரிந்தது. உள்ளே மடித்திருந்த துணி. பிரித்துவிட்டிருக்கிறார்கள், அதுவும் தாராளமாக.

இங்வில்டுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கேக்கை எடுத்துச் சாப்பிட்டாள். மறுபடி எடுத்தாள்.

"கொக்கி தெறிச்சிடும்டி."

"தெறிக்கட்டும்மா."

அதே மாதம் தேசிய நாளன்று காலை இங்வில்டின் பூனாட்டில் கொக்கி மாட்டவே இல்லை. தூரிட் குளித்துவிட்டு வந்தபோது, இங்வில்ட் அம்மாவின் பூனாட்டைப் போட்டு வாசலில் நின்றிருந்தாள்.

"அது என்னோடது."

"என்னோடதுல பிரிக்கத் துணி இல்லம்மா. உனக்குத் தைக்கிறப்ப யாரும் கட்டுப்பாடு பேசல போல." கொடியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஊரே பூனாட்டில் ஊர்வலம் போக, தூரிட் சாம்பல் நிறக் கோட்டோடு ஓரமாக நின்றாள். எதிர் வரிசையில் மகள் சாசேஜ் தின்றுகொண்டிருந்தாள். ஐஸ்கிரீமும் கையுமாக குன்வர் வந்து சேர்ந்தாள்.

"பூனாட் எங்கடி?"

நடந்ததைச் சொன்னால் முழுக்கதையும் சொல்லியாக வேண்டும். "எனக்கு இப்பச் சேரல," என்றாள் தூரிட்.

குன்வர் அவள் இடுப்பை மேலும் கீழும் பார்த்தாள். "கொஞ்சம் வாயைக் கட்டினா சேரும்," என்றாள்.