மழை கேட்கப் போன வாப்பா

எங்கள் வீட்டில் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பதில்லை. ஒன்பது வயதுப் பெண் பிள்ளை சொல்வதென்றால் கேட்கவே வேண்டாம். அந்த மழை நாளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

ஐம்பதுகளில் ஒரு வருடம். மழை பொய்த்து, சம்மாந்துறையில் மாமாவின் வயல் வெடித்துக் கிடந்தது. எங்களுக்கு வருடம் முழுவதும் சோறு அந்த வயலிலிருந்துதான். மருதமுனையில் வாப்பாவுக்குக் கைத்தறி. தறியில் ஏற்றுமுன் நூலைக் கஞ்சியில் தோய்த்து, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் காயவிட வேண்டும். அதைப் பாவு என்போம். மழை பட்டால் கஞ்சி கரைந்து இழையெல்லாம் சிக்காகிவிடும். அன்று தெருவில் காய்ந்த பாவு இடுப்பில் கட்டும் சாரனாகி விலைபோனால்தான் எங்களுக்குப் பெருநாள் உடுப்பு.

அன்றைக்குத்தான் மாமாவின் ஊரில் மழைத் தொழுகை. வாப்பா சைக்கிளை எடுத்தார். உம்மா மறித்தார்.

"மழ கேக்கப் போற மனுசன் பாவச் சுருட்டி வெச்சிட்டுப் போங்களன்."

வாப்பா அண்ணாந்து பார்த்தார். "ஒரு பொட்டு மேகமில்ல. எங்கால மழ வரப்போகுது?"

"அப்ப என்னத்துக்குத் தொழப் போறீங்க?"

"மச்சான் கூப்பிட்டாரு."

சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டார். தெருவிலிருந்த மற்ற ஆண்களும் போய்விட்டார்கள்.

மிஷன் பள்ளிக்கூடத்து ரீச்சர் அந்தக் கிழமைதான் வேதத்திலிருந்து ஒரு கதை சொல்லியிருந்தார். வானத்தைப் பூட்டி வைத்திருந்த ஆண்டவனிடம் எலியா தீர்க்கதரிசி மலையில் குனிந்து மழை கேட்டாராம். கடலைப் பார்த்துவா என்று வேலைக்காரனை ஏழு தரம் அனுப்பினாராம். ஏழாம் தரம் கையளவு மேகம் தெரிந்து, பிறகு நாடே நனைந்ததாம். வீட்டில் சொன்னபோது, அது நம்முடைய இல்யாஸ் நபிதான் என்று உம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

நான் கடற்கரைக்கும் வீட்டுக்குமாக ஓடினேன். ஆறு தரம் ஒன்றுமில்லை. ஏழாம் தரம் கடலுக்கு மேலே ஒரு கறுப்பு. கையை நீட்டி அளந்தேன். என் உள்ளங்கைக்குள் அடங்கியது.

"உம்மா, மேகம் வந்திட்டு. பாவச் சுருட்டுவம்."

உம்மா வந்து எட்டிப் பார்த்தார். "இந்தக் கையளவு மேகத்துக்கு ஆரும் பாவு சுருட்டுவாங்களா? நீயும் ஒண்ட ரீச்சரும்."

காலையில் வாப்பாவோடு மல்லுக்கட்டிய அதே உம்மாதான்.

அரைமணி நேரத்தில் கொட்டத் தொடங்கியது. பாவு சுருட்ட ஆறு பேராவது வேண்டும். உம்மா அயல் பெண்களைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடிவருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. வாப்பா தெப்பமாக நனைந்து வந்து, கஞ்சித் தண்ணீர் ஓடும் தெருவைப் பார்த்து நின்றார். பிறகு "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். மூன்று நாள் குந்தியிருந்து சிக்கெடுத்தும் பாதி நூல் தேறவில்லை. பெருநாளுக்கு நான் பழைய சட்டையைத்தான் போட்டேன். மாமாவின் வயல் பச்சை பிடித்ததாம். எனக்கு அதில் ஒரு சந்தோசமும் இல்லை.

அடுத்த வருடமும் மழை பிந்தியது. மறுபடி தொழுகை வைத்தார்கள். அன்றும் வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. யாரும் சொல்லாமலே வாப்பா ஆட்களைக் கூப்பிட்டு, பாதி காய்ந்த பாவைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டுத்தான் சைக்கிளை எடுத்தார். மழை வரவில்லை. ஈரத்தோடு சுருட்டிய இழைகள் ஒட்டிப்போய், திரும்பக் கஞ்சி போட வேண்டியதாயிற்று. ஒரு நாள் வேலை வீண். எல்லாவற்றுக்கும் ஏசுகிற உம்மா அன்று தானாகவே எழுந்து கஞ்சி காய்ச்ச அடுப்பை மூட்டினார்.

வாப்பா உம்மாவின் வாய்க்குப் பயந்துவிட்டார் என்று நான் நினைத்தேன். கனகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தத் தரம் மழை வரும் என்று நம்பித்தான் தொழப் போனார் என்பது பிறகுதான் விளங்கியது.