சொட்டுச் சத்தம் கேட்காத வீடு

பலாபத்வலையில் நாங்கள் இப்போது குடியிருக்கும் வீட்டை ஸக்கரியா ஹாஜியார் எங்களுக்கு விற்றதாக உறுதிப் பத்திரத்தில் எழுதியிருக்கிறது. நொத்தாரிசுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். என்னைக் கேட்டால், விற்றவர் அவருடைய மனைவி உம்மு குல்தூம். விலையைக் குறைத்தவரும் அவர்தான்.

பார்த்த மாத்திரத்தில் அவரை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். மெலிந்த உருவம், அதைவிட மெலிந்த குரல். உக்குவளையில் பிறந்து, பத்தொன்பது வயதில் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தவர். பிள்ளைகளை இங்கேயே பெற்று வளர்த்துக் கட்டிக்கொடுத்தும்விட்டார். ஹாஜியார் பத்து வார்த்தை பேசினால் இவர் ஒன்று பேசுவார். அதையும் குசினிக்குள், அடுப்படியில் இருந்துதான் பேசுவார்.

ஹாஜியார் மிளகு, கராம்பு வியாபாரி. வஹகோட்டைப் பக்கம் தோட்டம் தோட்டமாக அலைந்து வாங்கி வந்து மாத்தளையில் விற்றவர். கையில் காசு இருந்தும் வீட்டுக் கூரையில் வேறு யாரையும் கால் வைக்க விடமாட்டார். வாப்பா கட்டிய கூரை, அதை நானே பார்ப்பேன் என்கிற வீம்பு. மழைக்காலம் தொடங்குமுன் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிவிடுவார். அப்படி ஏறிய ஒரு வருடம் ஓடு வழுக்கி முற்றத்தில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து, கண்டி ஆஸ்பத்திரியில் தகடு வைத்து அனுப்பினார்கள். மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவரைப் புரட்டி, கழுவி, ஊட்டி, மறுபடி நடக்க வைத்தவர் உம்மு குல்தூம். இவ்வளவும் ஊருக்குத் தெரிந்த கதை.

நானும் என் கணவர் லெஸ்லியும் வாடகை வீடுகளில் அலுத்துப்போனவர்கள். சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். நான் மாத்தளையில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறேன். லெஸ்லிக்கு லொறிச் சாமான் கடையில் வேலை. இருவருடைய சேமிப்போடு வங்கிக் கடனையும் போட்டால் ஹாஜியார் கேட்ட விலைக்கு எட்டிப்பிடிக்கலாம் என்ற நிலையில்தான் இந்த வீட்டைப் பார்க்க வந்தோம். ஹாஜியாரும் மனைவியும், மகள் நிப்லாவின் வீட்டுக்குப் பக்கத்தில் படியில்லாத சின்ன வீடொன்று பார்த்து வைத்திருந்தார்கள். இந்த வீட்டுக் காசில்தான் அதை வாங்க வேண்டும்.

முதல் முறை வந்தபோது எல்லாம் பிடித்தது. மூன்று படி இறங்கிப் போகும் பின்னறையை மட்டும் உம்மு குல்தூம் திறக்கவில்லை. உள்ளே சாமான் நெரிசல் என்றார். லெஸ்லி அதற்கும் தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுவார், அது அவர் சுபாவம். நான்தான் வீட்டுக்குப் போய்ச் சண்டை பிடித்து, கூரை வேலை செய்யும் பாஸ் ஜீவராஜைக் கூட்டிக்கொண்டு இரண்டாம் முறை வர வைத்தேன்.

விற்கப்போகிற வீடு என்பதால் ஹாஜியார் அரை மனதோடு விட, ஜீவராஜ் தான் கொண்டுவந்த ஏணியில் ஏறினார். பின்னறைக்கு மேலே ஓடுகளை விலக்கிப் பார்த்துவிட்டு இறங்கியவரின் முகம் சரியில்லை. ஓடுகளைத் தாங்கும் கைமரங்கள் இற்றுப்போய்விட்டன, சுவரில் உட்காரும் முனைகளைக் கறையான் தின்றுவிட்டது, பின்பக்கக் கூரை முழுவதையும் கழற்றிப் புதிதாகப் போட வேண்டும் என்றார். எங்களிடம் இருந்தது வீட்டுக்கான காசு. கூரைக்கான காசு இல்லை.

லெஸ்லியை ஹாஜியாரோடு விறாந்தையில் பேச விட்டுவிட்டு, “ராத்தா, அந்தப் பின்னறைய நான் பாக்கணும்,” என்று உம்மு குல்தூமிடம் கறாராகச் சொன்னேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு சாவியை எடுத்தார்.

அறைக்குள் நெரிசலும் இல்லை, ஒன்றும் இல்லை. தரை முழுக்கப் பேசின்கள், அலுமினியச் சட்டிகள், ஒரு பழைய குழந்தைக் குளியல் தொட்டி. ஒவ்வொன்றின் அடியிலும் கிழிந்த சாரன் துண்டு மடித்துப் போட்டிருந்தது. முந்தின நாள் மழையில் நனைந்த துணிகள் இன்னும் ஈரமாகவே இருந்தன.

“துணி எதுக்கு?” என்று கேட்டேன்.

“சத்தம் கேக்காம ஈக்கத்தான், மகள்.”

நின்றபடியே மெதுவாகச் சொன்னார். ஹாஜியார் ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கிய பிறகு வந்த முதல் மழையில் இந்த அறை ஒழுகியிருக்கிறது. சொட்டுச் சத்தம் கேட்டதும் மனுஷன் ஏணியைக் கேட்டிருக்கிறார். மறுநாளே இவர் ஏணியைத் தன் தம்பி பஸீரின் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பஸீர் வந்து ஓடுகளை மாற்றிவிட்டான் என்று சொல்லிவிட்டார். ஹாஜியார் கோபித்துக்கொண்டார், நம்பியும் விட்டார். அன்றிலிருந்து அவரைப் பொறுத்தவரை அந்த வீடு ஒழுகுவதை நிறுத்திவிட்டது. படியிறங்க இடுப்பு இடம் கொடுக்காததால் அவர் பின்னறைப் பக்கம் வருவதுமில்லை.

ஒருமுறை ஹாஜியார் ஜும்ஆத் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து இவர் உண்மையிலேயே ஓர் ஆளைக் கூப்பிட்டிருக்கிறார். வந்தவன் அவசரத்தில் நாலு ஓடுகளை நகர்த்திவிட்டுப் போக, ஒழுக்கும் நாலு அடி நகர்ந்துவிட்டது. அதோடு விட்டுவிட்டார். இரவில் மழை தொடங்கினால் எழும்பி வந்து சட்டிகளை வைப்பார். நிரம்ப நிரம்ப ஊற்றுவார். விடியுமுன் போய்ப் படுத்துக்கொள்வார். பதினொரு வருடமாக இதுதான் அவருடைய மழைக்காலம்.

“அவருக்குத் தெரிஞ்சா ஏறுவாரு. ஏறினா விழுவாரு,” என்றார். அவ்வளவுதான் அவர் சொன்ன நியாயம்.

எனக்கு அவர்மீது இரக்கம் வந்தது. கூடவே கோபமும் வந்தது, அதை மறைப்பானேன்? காலத்தோடு திருத்தியிருந்தால் ஒருநாள் வேலையோடு முடிந்திருக்கும். அன்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த அன்பு துணி போட்டு மூடிய ஈரத்தில்தான் கைமரங்கள் இற்றுப்போயின. ஒருவரைக் காப்பாற்ற நினைத்து, அவர் குடியிருக்கிற வீட்டைத் தெரிந்துகொண்டே கைவிடுவது சரியா தவறா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை.

விறாந்தையில் ஹாஜியாரின் குரல் உயர்ந்தது. நாங்கள் இருவரும் குசினி வாசலுக்கு வந்தோம்.

“பத்து லட்சமாவது கொறச்சாத்தான் எங்களுக்குச் சரிவரும், ஹாஜியார்,” என்று லெஸ்லி கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“தம்பி, இது வாப்பா பலா மரத்துல போட்ட கூர. வெல கொறைக்க ஒங்கட பாஸ் கட்டுற கதையெல்லாம் என்கிட்ட எடுபடாது. ஓட்டக் கீட்ட ஒடச்சிட்டு வந்து சொல்றாரோ, யாருக்குத் தெரியும்?”

ஜீவராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பின்னறையில் இருக்கும் சட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும், பத்து லட்சம் தானாக இறங்கும். வாயைத் திறந்தேவிட்டேன். பக்கத்தில் உம்மு குல்தூம் நின்றார். சொல்லாதே என்று கண்ணால்கூட அவர் கேட்கவில்லை. அப்படிக் கேட்காததால்தான் என்னால் சொல்ல முடியவில்லை.

“இந்த வீட்டுல ஒரு சொட்டுத் தண்ணி விழுந்து பதினொரு வருஷம்! நம்பலன்னா சத்தியம் பண்றேன். வல்லா—”

“வேணாம்!”

அந்தக் குரல் உம்மு குல்தூமிடமிருந்து வந்தது என்று புரிய எனக்கே கொஞ்சம் நேரம் பிடித்தது. கதவைத் தாண்டி விறாந்தைக்கு வந்து நின்றார்.

“அல்லாஹ் பேர்ல சத்தியம் பண்ணாதீங்க. வீடு ஒழுகுது. ஒங்களுக்குத் தெரியாம நான்தான் மறச்சி வச்சிருந்தேன்.”

அத்தனை வருடம் பொய்யைத் தான் சுமந்தவர், அந்தப் பொய்யின்மேல் கணவர் கடவுளின் பெயரைச் சொல்வதைப் பொறுக்கவில்லை. வெளியாட்கள் முன்னால் அவரை இடைமறித்ததும் அதுதான் முதல் தடவையாம்.

ஹாஜியார் எழுந்து, ஊன்றுகோலை நாற்காலியில் சாத்திவிட்டு, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனார். மூன்று படியையும் அவர் இறங்குவது எங்களுக்குக் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் லெஸ்லியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே பேசினார்.

“குத்தத்த மறச்சி வித்த காசு எங்களுக்கு வேணாம், தம்பி. பத்தையே கொறச்சிக்கோங்க. பாஸ், நீங்களும் நான் சொன்னத மனசுல வைக்காதீங்க.”

இப்படிக் கேட்டதும் என் வீட்டுக்காரருக்குப் பேரம் பேசுகிற நாக்கே செத்துவிட்டது. “எட்டு போதும் ஹாஜியார்,” என்றார். அவர் காலை மிதித்தேன். மிதித்த பிறகும் எட்டுதான். மிச்சத்துக்கு நான் ஒரு சங்கிலியை அடகு வைத்தேன். அதை இன்றுவரை லெஸ்லிக்குச் சொல்லிக்காட்டுகிறேன். ஆனால் அந்த இடத்தில் நானாக இருந்தாலும் எட்டுதான் சொல்லியிருப்பேன் என்பதை அவரிடம் சொன்னதில்லை.

பிளேன்டீ குடித்து, அட்வான்ஸ் கொடுக்கும் நாளையும் பேசி முடித்தோம். வாசலில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். நாங்கள் போய்விட்டோம் என்று நினைத்திருப்பார் போல, உள்ளே ஹாஜியார் தணிந்த குரலில் கேட்டார்.

“அப்ப மழ பெய்ற ராவெல்லாம் நீ தூங்கவே இல்லையா, உம்மு?”

“நீங்க தூங்கினீங்கதானே,” என்றார் அவர்.