பெருமாள் காலடியில் ஒரு கோலாக் கொட்டை

எங்கள் ஆறு தறிகளும் இரண்டு மாதமாகச் சும்மா கிடந்தபோது, மாப்பிள்ளை அருப்புக்கோட்டைக்கு ஒரு விருந்தாளியை அழைத்துவந்தார். நைஜீரியாவில் இக்போ என்னும் இனத்தைச் சேர்ந்த துணி வியாபாரி. அவர்கள் ஊர்க் கல்யாணங்களில் பெண்கள் இடுப்பில் சுற்றும் ஜரிகைத் துணிக்கு நெசவாளரைத் தேடி வந்திருந்தார். அவர் சரியென்றால் தறி ஓடும்.

உள்ளே வந்ததும் பலாக்கொட்டை அளவில் இளஞ்சிவப்பாய் ஒரு கொட்டையை என் கையில் வைத்தார். கும்பிட்டு வாங்கி, பூஜை அறையில் பெருமாள் காலடியில் வைத்தேன். பிறகு சேலைகளை விரித்தேன். அவர் எதையும் தொடவில்லை. பூஜை அறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை அவரிடம் இங்கிலீஷில் விசாரித்துவிட்டு வந்தார்.

"மாமா, அந்தக் கொட்டையைக் கொண்டாங்க."

"குடுத்ததைத் திருப்பியா கேப்பாக?"

"வந்தவுகளுக்கு வீட்டுக்காரர்தான் கோலாக் கொட்டை குடுக்கணுமாம். நம்மகிட்ட இருக்காதுன்னு அவுகளே கொண்டாந்து உங்க கையில குடுத்திருக்காக. அதை உடைச்சுத் தின்னாத்தான் யாவாரப் பேச்சு."

பெருமாளிடம் மன்னிப்புக் கேட்டு எடுத்துவந்தேன். உடைக்கும் முன் வயதில் மூத்தவர் வேண்டிக்கொள்ள வேண்டுமாம். மூத்தவன் நான். ஆனால் கோலாவுக்கு இக்போ மொழி மட்டும்தான் புரியுமாம். மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார்.

என் மனைவி சமையற்கட்டிலிருந்தே வழி சொன்னாள். "நீங்க பெருமாள்கிட்டச் சொல்லுங்க. அவுக கொட்டைகிட்டச் சொல்லட்டும்."

"தறி ஓடணும் பெருமாளே" என்றேன். மாப்பிள்ளை அதை இங்கிலீஷாக்கினார். விருந்தாளியோ கொட்டையைப் பார்த்து இக்போவில் பேசிக்கொண்டே போனார்.

"நான் ஒரு வரிதான சொன்னேன், மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை அவரிடம் இங்கிலீஷில் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"உங்க பிள்ளைக, அவுக பிள்ளைக, ரெண்டு வீட்டுலயும் செத்துப்போன தாத்தாக்க எல்லாருக்கும் சேத்துக் கேக்குறாராம். நம்ம ஊருக்கு மழையும் கேட்டாச்சு மாமா."

எனக்குக் கூச்சமாகிவிட்டது. தினமும் இருவேளை விளக்கேற்றியும், இரண்டு மாதமாகத் தறியைத் தவிர நான் எதையும் கேட்டதில்லை.

விருந்தாளி உடைத்ததும் கொட்டை நான்கு பருப்பாகப் பிரிந்தது. அவர் முகம் மலர்ந்தது. நான்கு நல்ல சகுனமாம். அவர்களுக்கு வாரத்தில் நான்கே நாள், நான்கும் சந்தை நாள்.

"நாலே நாளா? அப்ப சனிக்கிழமை விரதத்தை என்னைக்கு இருப்பாக?" என்றாள் மனைவி. மாப்பிள்ளை அதை மொழிபெயர்க்கவில்லை.

விருந்தாளி முன்னோருக்கென்று ஒரு துண்டைக் கிள்ளி வாசலில் போட்டார். அது எனக்கு யாரும் விளக்காமலே புரிந்தது. அமாவாசைதோறும் காக்கைக்குச் சோறு வைக்கிறவன்தானே நான். பிறகு எனக்கொரு பருப்பு தந்தார். கடித்தேன். வேப்பங்கொட்டையை மென்றதுபோல் நாக்கு சுருண்டது. அவர் என் முகத்தையே கவனித்தார். துப்பினால் வியாபாரம் போயிற்று.

மனைவி என் பின்னால் வந்து நின்றாள். "முழுங்குங்க. ஆறு தறியும் இப்ப உங்க வாயிலதான் இருக்கு."

விழுங்கினேன். கண்ணில் நீர் வந்தது. அதைப் பக்தி என்று நினைத்தாரோ என்னவோ, என் தோளைத் தட்டிக்கொடுத்து, முதல் சேலையைக் கையில் எடுத்தார். மாம்பழ நிறம் வேண்டாம் என்றார். இரத்தச் சிவப்பில், பெரிய பூ வைத்துக் கேட்டார்.

அந்த வாரமே ஆறு தறியிலும் சிவப்பு நூலில் பாவு ஏற்றினோம்.